பூச்சு காணாத வீடு

பேத்தி பிறந்த சேதி வந்து சேர்ந்தபோது கொத்தனார் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, யாரோ ஒருவர் வீட்டு மாடிச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். கீழே தெருவில் அவர் மனைவி வந்து நின்றாள். அவளுக்கு ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலை. கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

“ஏங்க, இறங்குங்க!”

“கலவை காஞ்சிடும். என்னான்னு அங்கிருந்தே சொல்லு.”

“தாத்தா ஆயிட்டீங்க. இந்த வயசுல சாரத்துல என்ன குரங்காட்டம்? இறங்குங்கன்னா!”

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தலைகால் புரியாத சந்தோஷத்தில், பூச்சுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, அதைக் கீழ வைங்க. யார் கண்ணையாவது குத்திடப் போறீங்க” என்றார்.

“பேத்தி பிறந்திருக்கா தம்பி.”

“அதுக்குள்ள அவளை வேலைக்குச் சேத்துட்டீங்களா?”

பஸ்ஸே சிரித்தது. கொத்தனாரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பிள்ளை கொஞ்சம் அவசரக்காரி. வர வேண்டிய நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கொத்தனார் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு குல்லாய், அதற்குக் கீழே சுருங்கிச் சிவந்த ஒரு முகம், முகத்துக்குப் பக்கத்தில் மடக்கிய ஒரு கை. அந்தக் கையில் விரல்கள் இருந்தன. விரல்களில் நகமும் இருந்தது. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை வேலையையும் ஒன்றுவிடாமல் செய்து முடித்திருக்கிறாரே கடவுள் என்று வியந்துபோனார். “ஸ்தோத்திரம்” என்றார்.

“அடுப்புலேருந்து கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டாங்க” என்றாள் மனைவி. “இன்னும் கொஞ்சம் உப்பணும். மத்தபடி நல்ல நிறம்.”

அப்போது நர்ஸ் வந்தாள். “பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சு மட்டும் கொஞ்சம் பலவீனமா இருக்கு. சில வாரம் இங்கயே இருக்கட்டும். ஆனா அப்புறம் கூட்டிட்டுப் போற வீட்டுல ஈரம் இருக்கக் கூடாது, தூசி இருக்கக் கூடாது. சுவர்ல பூஞ்சை கீஞ்சை இருந்துச்சுன்னா குழந்தைக்கு மூச்சு இழுக்கும். இப்பவே சொல்லிட்டேன்.”

மனைவி கொத்தனாரைப் பார்த்தாள். கொத்தனார் ஆஸ்பத்திரியின் மேற்கூரையைப் பார்த்தார். நல்ல மட்டமாகப் பூசியிருந்தார்கள்.

மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, கோவிச்சுக்காதீங்க. குழந்தையைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரமாட்டேன்.”

“ஏன் கண்ணு?” என்று கேட்டார். ஏன் என்று அவருக்கும் தெரியும்.

மகளும் மருமகனும் வாடகைக்கு இருந்தது மோட்டார் பட்டறைக்கு மேலே ஒரே ஒரு அறையில். புகை நாள் முழுக்க ஜன்னல் வழியாக ஏறி வரும். அங்கே குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது. மருமகன் லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வெளியில்தான். மருமகனுடைய அக்கா ரொம்ப தூரத்தில், விடிந்து ரயில் ஏறினால் அடுத்த விடியலில் இறங்குகிற ஊரில் இருந்தாள். நல்ல காய்ந்த வீடு, விசாலமான அறை. அவள் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

“குழந்தை தேறுற வரைக்கும்தானே?” என்றார் கொத்தனார்.

மகள் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “அங்க லாரி கம்பெனி நிறைய இருக்காம்ப்பா. இவருக்கும் அங்கயே வேலை பாத்துத் தர்றேன்னு அக்கா சொல்றாங்க.”

அதாவது, போனால் போனதுதான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்த அந்த முகத்தை இனி வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. கொத்தனார் தலையை ஆட்டினார். கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், அன்றைக்குக் கையில் காய்ந்துபோன மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

விஷயம் இதுதான். ஊர் முழுக்க வீடுகளுக்குப் பூசிக் கொடுத்த அந்த மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் பூசவில்லை. முடியாமல் இல்லை, சோம்பலும் இல்லை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. சபைக்காரர்கள் அதைப் பொருத்தனை என்பார்கள்.

மகள் கைக்குழந்தையாக இருந்த காலம். செங்கல் சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் அவர்களுடைய சின்ன ஜெப சபைக்கு வெளியூர்ப் பிரசங்கி ஒருவர் வந்தார். இந்தப் பூமி ஒரு சத்திரம், நாம் வழிப்போக்கர்கள், ஆண்டவர் சீக்கிரம் வந்து நம்மை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார், மிச்சமெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். கடைக்காரர் காணிக்கையைக் கூட்டினார். பாடத் தெரிந்தவர்கள் கூடுதலாகப் பாடினார்கள். நம் ஆள் கொத்தனார். அவரிடம் இருந்தது பூச்சு. எழுந்து நின்று, “ஆண்டவர் வர்ற வரைக்கும் என் வீட்டுச் சுவர்ல கரண்டி படாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சபை கை தட்டியது. மனைவி தட்டவில்லை. இடுப்பில் பிள்ளை இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவர் செங்கல் செங்கலாகவே நின்றது. மழைக் காலத்தில் சுவர் தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீரை உள்பக்கம் கக்கும். மடித்து வைத்த துணியில் கரும்புள்ளி விழும். செங்கல் இடுக்கில் எறும்பு குடும்பம் நடத்தும். தரையும் சொரசொரவென்றுதான், ஜல்லி போட்டு இடித்ததோடு சரி. புதிதாக வருகிறவர்கள், “புது வீடா? வேலை இன்னும் முடியலையா?” என்று கேட்பார்கள். “ஆமாங்க, ரொம்ப வருஷமா புது வீடுதான்” என்பாள் மனைவி.

அவள் கேலி செய்தாலும் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை, மகள் இருமி இருமித் துவண்டுபோன ஒரு மழை நாளில், “பொருத்தனை பண்ணினது நீங்க. இருமறது நானும் உங்க பொண்ணும்” என்று சொன்னாள். கொத்தனார் அன்றைக்கு மருந்து வாங்கி வந்தார். சுவரைத் தொடவில்லை. கடவுளிடம் சொன்ன சொல்லை மீறினால் என்ன ஆகுமோ என்கிற பயம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது.

இப்போது அந்தப் பயம் ஒரு பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த முகம் ஒரு பக்கம். நடுவில் கொத்தனார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சபை மூப்பரைப் பார்க்கப் போனார். சபையை நடத்துகிறவர் அவர்தான். வயிற்றுப்பாட்டுக்குக் கடைத்தெருவில் தையல் கடை. இரண்டு பேரும் வாலிபத்திலிருந்தே சிநேகிதர்கள். மூப்பர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஒரு அம்மாள் தன் துணிக்காக உட்கார்ந்திருந்தாள்.

“மூப்பரே, ஒரு பொருத்தனையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?”

மெஷின் நின்றது. “கடையில வாங்கின சாமானாய்யா அது, திருப்பிக் கொடுக்க?”

கொத்தனார் எல்லாவற்றையும் சொன்னார். குழந்தை, நெஞ்சு, ஈரம், ரயில். மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உம்ம வீட்டை வச்சு நான் எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கேன் தெரியுமா? விசுவாசம்னா அந்தச் சுவரைப் போய்ப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.”

“பாக்க வந்தவங்க ஆளுக்கு ஒரு சட்டி மணலைக் கொண்டுவந்திருந்தா இன்னொரு வீடே கட்டியிருக்கலாம்.”

மூப்பருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து வேதத்தை எடுத்தார். “ஆண்டவர் வர்ற வரைக்கும்னுதானே சொன்னீர்? வருகையைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு முதல்ல பாப்போம்.” கடைசிப் பக்கங்களைப் பிரித்தார். கொத்தனாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் மூப்பரே படித்தார். புது வானம், புது பூமி. பரிசுத்த நகரம் கடவுளிடமிருந்து இறங்கி வருகிறது. இனி கடவுள் மனுஷர் நடுவில்தான் குடியிருக்கப் போகிறார், கண்ணீரையெல்லாம் துடைக்கப் போகிறார் என்று ஒரு குரல் சொல்கிறது.

“நில்லுங்க” என்றார் கொத்தனார். “எங்கேருந்து எங்க வருது?”

“மேலேருந்து கீழ.”

“கீழயா? நாமதானே மேல போறோம்?”

மூப்பர் விரலை வைத்து மறுபடியும் படித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். “கீழதான்யா போட்டிருக்கு.”

“முன்னாடி பின்னாடி பாருங்க.”

முன்பக்கம் புரட்டினார். பின்பக்கம் புரட்டினார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். கண்ணீரைத் துடைக்கிற வரியில் எப்போதும் எல்லாரும் அழுதுவிடுவார்கள். நகரம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருத்தரும் கவனித்ததில்லை.

பெஞ்சில் இருந்த அம்மாள் பொறுமை இழந்து, “என் துணி என்னாச்சுங்க?” என்றாள்.

“அம்மா, இந்தப் பூமியே என்னாகப் போகுதுன்னு இங்க குழம்பிக் கிடக்கோம். துணி நாளைக்கு!” என்றார் மூப்பர்.

அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். மூப்பர் தாடையைச் சொறிந்தார். “ஆனா பாரும், எல்லாம் தீயில வெந்து போகும்னு இன்னொரு இடத்துல இருக்கே. அது?”

கொத்தனாருக்குச் சூளை ஞாபகம் வந்தது. “செங்கல் சூளைக்குள்ள போகுதே மூப்பரே. அழிஞ்சு போகவா போகுது?”

மூப்பர் வேதத்தை மூடி இழுப்பறையில் வைத்தார். பிறகு, “பொருத்தனையை மீறுன்னு நான் சொல்ல மாட்டேன். மீறாதேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கே தலை சுத்துது. வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணும். நானும் பண்றேன்” என்றார்.

கொத்தனார் நடந்தே திரும்பினார். வழியெல்லாம் யோசனை. சபையில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சங்கதிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. முதல் மனுஷனை மண்ணைப் பிசைந்துதான் உண்டாக்கினார். உண்டாக்கி, தோட்டத்தில் குடிவைத்தார். மேகத்தில் குடிவைக்கவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சிநேகிதர்களோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டார். காயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாந்தமானவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்று அவரே வாயால் சொன்னார். சாம்பலாகப் போகிற ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தருகிறேன் என்று எந்தத் தகப்பனாவது சொல்வானா? எல்லாம் தெரிந்த சங்கதிதான். அடுக்காமல் கொட்டி வைத்த செங்கல் மாதிரி இத்தனை நாள் தனித்தனியாகக் கிடந்தன.

இருந்தாலும் சொன்ன சொல் இருக்கிறதே. பூமி நிலையானதாகவே இருக்கட்டும். வருகிற வரைக்கும் பூச மாட்டேன் என்று சொன்னேனா இல்லையா? அவர் இன்னும் வரவில்லையே. அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் பாதியில் விட்ட மாடிச் சுவருக்குத் திரும்பினார். அந்த வீட்டுக்காரம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து, ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டுகிறவள். ஆசை பொறுக்கவில்லை. கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “மேஸ்திரி, இந்த வாரமே கட்டில் பீரோவெல்லாம் கொண்டாந்து இறக்கிடறோம். உள்பக்கப் பூச்சைக் குடிவந்த பிறகு மெதுவா பாத்துக்கலாம்” என்றாள்.

கொத்தனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொழில் விஷயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது.

“நல்லாயிருக்கும்மா நீங்க சொல்றது! குடிவந்த பிறகு யாராவது பூசுவாங்களா? பீரோ மேல சாந்து தெறிக்கும், கட்டிலெல்லாம் தூசி. வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டா உக்காந்திருப்பாங்க? யார் குடிவர்றாங்களோ, அவங்க வர்றதுக்கு முன்னாடி சுவரை முடிச்சு, காயவச்சு, கூட்டிப் பெருக்கி வைக்கணும். அதாம்மா அவங்களுக்கு நாம குடுக்கிற மரியாதை. வர்ற வரைக்கும் பூசமாட்டேன்னு சொல்றவன் கொத்தனாரே இல்ல...”

வாய் அப்படியே நின்றது. கரண்டியில் இருந்த சாந்து நழுவி அவர் காலிலேயே சொத்தென்று விழுந்தது.

“என்ன மேஸ்திரி? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“இல்லம்மா” என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. “ஒரு வீட்டு வேலையைத் தப்பா நிறுத்தி வச்சிருக்கேன். இப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

அவள் என்ன புரிந்துகொண்டாளோ, கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்துவிட்டாள். பேத்தி என்றதும் முகம் மலர்ந்தது. “என் வீட்டு வேலை ஒரு வாரம் நிக்கட்டும். வாசல்ல மிச்சம் கிடக்கிற மணலையும் அள்ளிட்டுப் போங்க. அது கிடந்தா எனக்கும் பூனைத் தொல்லைதான்” என்றாள்.

சாயங்காலம் கொத்தனார் தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் முழங்கால் போட்டார். அவருக்கு அலங்காரமாக ஜெபம் பண்ண வராது. “ஆண்டவரே, நீங்க வர்ற வரைக்கும் பூசமாட்டேன்னு சொன்னேன். நீங்க குடியிருக்க வர்றது இங்கதான்னு தெரியாம சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போகத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன். இப்ப நான் பூசப்போறேன். தப்புன்னா என்னைக் கேளுங்க. அந்தச் சின்னதை விட்டுடுங்க. தப்பில்லைன்னா...” என்று நிறுத்தி, முழங்காலிலேயே காத்திருந்தார்.

வானம் இடிக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல்தான் கேட்டது. “ஜெபம் முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா வந்து சல்லடையைப் பிடிங்க. மணல்ல பாதி கல்லா இருக்கு.”

எட்டிப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஏற்கெனவே மணல் சலிக்க ஆரம்பித்திருந்தாள். ‘பூசப்போறீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு மாறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஊர்ச் சுவரெல்லாம் பூசிய கை, முதல் தடவையாகத் தன் சுவருக்கு வந்தது. முதலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்த செங்கல், ஊற்ற ஊற்ற ‘உஸ்’ஸென்று உறிஞ்சியது. பிறகு சாந்தை எறிந்து, பலகையால் இழுத்து, தேய்த்தார். ஒரு பக்கச் சுவர் முடிந்ததும் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“பக்கத்து வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு.”

வெளிப்புறமும் உள்புறமும் ஒரு அறையை மட்டும் முதலில் முடிப்பது என்று திட்டம். தரையும் அந்த அறைக்குத்தான். பூசினால் மட்டும் போதாது. சில நாள் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் சாந்து இறுகும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய வேண்டும். ஆஸ்பத்திரியில் குழந்தையை விடுவதற்குள் இரண்டும் நடந்தாக வேண்டும்.

மகளிடம் போய்ச் சொன்னபோது அவள் நம்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். மகள் அப்பாவின் சாந்து படிந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். ஆனாலும் அவள் கொத்தனார் மகள். “அப்பா, நீங்க செஞ்சது எனக்குப் பெரிசு. ஆனா ஈரம் இருந்துச்சுன்னா வரமாட்டேன். உங்களுக்காகக்கூட வரமாட்டேன். அக்கா டிக்கெட் எடுத்துட்டாங்க. காஞ்சிருந்தாதான் அதை வேண்டாம்னு சொல்வேன்.”

“அப்படித்தான் கண்ணு சொல்லணும்” என்றார் கொத்தனார். அவருக்கு அவள்மேல் பெருமையாகத்தான் இருந்தது.

தண்ணீர் தெளிக்கிற நாட்களில் ஒரு காலை மூப்பர் வாளியோடு வந்து நின்றார். அளவு டேப் கழுத்திலேயே இருந்தது.

“நான் இன்னும் ஒரு முடிவுக்கும் வரல, சொல்லிட்டேன்” என்றார் வரும்போதே. “தண்ணி ஊத்த மட்டும்தான் வந்தேன்.”

“ஊத்துங்க, ஊத்துங்க. முடிவு மெதுவா வரட்டும்.”

இரண்டு வாளி ஊற்றிவிட்டு மூப்பர் திண்டாடி நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, “நேத்து ஒருத்தர் அவங்க அப்பாவோட பழைய கோட்டைக் கொண்டாந்தார். வெளிப்பக்கம் வெளுத்துப் போச்சு. முழுசாப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பித் தச்சுக் குடுத்தேன். போட்டுப் பாத்துட்டு, ‘புதுக் கோட்டு!’ன்னு குதிக்கிறார். துணி அதே துணிதான்யா” என்றார்.

கொத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“என்ன பாக்குறீர்? சும்மா கடையில நடந்ததைச் சொன்னேன். முடிவுன்னு எடுத்துக்காதீர்” என்று மூப்பர் மறுபடியும் குனிந்துகொண்டார்.

சபையில் எல்லாரும் அவ்வளவு சுலபமாக இல்லை. முன்வரிசையில் உட்காருகிற அக்கா ஒருத்தி தெருவோடு போனவள் நின்று, சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். “எப்படி இருந்த விசுவாசம்! எல்லாம் போச்சே!”

“எங்கயும் போகல அக்கா” என்றாள் கொத்தனார் மனைவி. “உள்ளதான் இருக்கு. சுவர் காயட்டும், வந்து பாருங்க. சாய்ஞ்சுக்காதீங்க, புடவை வீணாயிடும்.”

காய வைக்கிற நாட்கள்தான் பெரும்பாடு. வெயில் ஒரு நாள் அடித்தது, ஒரு நாள் ஒளிந்துகொண்டது. ஜன்னல் கதவையெல்லாம் திறந்து போட்டு, ரொட்டிக் கடை முதலாளியிடம் பெரிய மின்விசிறி ஒன்றை இரவல் வாங்கி ஓடவிட்டார்கள். கொத்தனார் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம்.

மருமகன் லாரியை நிறுத்திவிட்டு ஒரு நாள் பரிசோதிக்க வந்தார். அவர் அதிகம் பேசாதவர். நாலு சுவரிலும் கன்னத்தை வைத்து வைத்துப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றார்.

“மாமா, இங்க சில்லுனு இருக்கு.”

கொத்தனார் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் ஒட்டிவைத்தார். உள்ளே ஈரம் இருந்தால் தாளின் பின்பக்கம் வியர்க்கும். மறுநாள் பிரித்தபோது முத்து முத்தாக வியர்த்திருந்தது. மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், யாரும் எடுக்கவில்லை. ரயிலுக்கு அதிக நாள் இல்லை.

மருமகன்தான் விசிறியைத் தூக்கி ஜன்னலுக்குக் கீழே திருப்பி வைத்தார். “பொய் சொல்லிக் கூட்டிட்டு வரமாட்டேன் மாமா. ஆனா வரணும்னுதான் எனக்கும் ஆசை. அங்க எனக்கு யாரையும் தெரியாது” என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசிக் கொத்தனார் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நல்ல வெயில். எங்கிருந்து வந்ததோ, வந்து நின்றுவிட்டது. கொத்தனார் மனைவி துவைக்காத துணியைக்கூடத் துவைத்துக் காயப்போட்டாள், வெயில் வீணாகக் கூடாதென்று. மருமகன் மறுபடி வந்து தாளை ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் அவரே பிரித்தார். தாளைத் தடவினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், மாமனாரிடம் நீட்டினார். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. கொத்தனார் அதை வாங்கி மடித்து, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடியும் பிரித்தார்.

“ஸ்தோத்திரம் சொல்லுங்க, அப்புறம் மடிக்கலாம்” என்றாள் மனைவி.

டிக்கெட் வேண்டாம் என்றானது. மருமகனுடைய அக்கா போனில், “அப்படின்னா லீவுக்கு நான் அங்க வர்றேன். எனக்கும் ஒரு மூலை பூசி வைக்கச் சொல்லு” என்றாளாம்.

குழந்தையைக் கொண்டுவந்த அன்று வாசலில் மூப்பரும் நின்றார், மணல் கொடுத்த மாடி வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தாள். மகள் உள்ளே வந்து ஆழமாக மூச்சை இழுத்தாள். சுண்ணாம்பு வாசனை மட்டும் லேசாக இருந்தது. குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். அது கையைக் காலை உதைத்து, முகத்தைக் கோணி, பெரிய மனுஷி மாதிரி ஒரு கொட்டாவி விட்டது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. கொத்தனார் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையுமே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஜெபம் பண்ணுங்கள் என்று மூப்பர் சொன்னார். கொத்தனார் கண்ணை மூடினார். மணலுக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, மருமகன் கன்னத்துக்கு நன்றி என்று கண்டபடி வந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். ஆமென் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மகள் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மூலைக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

“அப்பா, இந்த இடம் கொஞ்சம் புடைச்சிருக்கே. நீங்க பூசினதா இது?”

கொத்தனார் வந்து பார்த்தார். ஆமாம், புடைத்துத்தான் இருந்தது. வேறு யாராவது பூசியிருந்தால் இடித்துவிட்டு மறுபடி பூசச் சொல்லியிருப்பார்.

“இருக்கட்டும் கண்ணு” என்றார். “நாம இங்கதானே இருக்கப்போறோம். நிறையக் காலம் இருக்கு. மெதுவா சரி பண்ணிக்கலாம்.”

குழந்தை அழ ஆரம்பித்தது. கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கப் போனார்.